செவீயாவில் மதியம் தாப்பாஸ்: எந்த ஒரு கடைக்குப் போகலாம்?

3 மார்ச் 2024, காலை 9.20 (கேள்வி)

மே இரண்டாவது வாரம் செவீயா போகிறோம். நான், மனைவி, மாமியார். இரண்டே நாள், தங்குவது பழைய ஊருக்குள்ளேயே. இரண்டு மதியமும் தாப்பாஸ்தான், அதாவது குடிக்கும்போது தொட்டுக்கொள்ளும் சின்னச் சின்னத் தட்டுகள்தான், என்று முடிவு செய்தாயிற்று. ஸ்பெயினில் ஒரு பீர் வாங்கினால் தொட்டுக்கொள்ள ஒரு தட்டு இலவசமாகத் தருவார்களாமே? அப்படியானால் மூன்று பீரில் சாப்பாடே முடிந்துவிடும். 12 மணிக்குப் போய் வசதியாக உட்கார்ந்து, 2 மணிக்குள் முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்ப வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற நல்ல கடை ஒன்று சொல்லுங்கள். மனைவி குடிக்க மாட்டார். மாமியார் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார்.

3 மார்ச், இரவு 10.05

நாலு வருஷம் அந்த ஊரில் குடியிருந்தேன், 2014 கடைசியிலிருந்து 2018 வரை. அல்ஃபால்ஃபா சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்து, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இந்தத் திட்டத்தோடு போனால் தாப்பாஸ் சாப்பிடாமலேயே திரும்பி வருவீர்கள்.

இலவசம் என்பது கிரானாடாவில். ஹயேன், அல்மெரியா, வடக்கே லெயோன் ஆகிய ஊர்களிலும் உண்டு. குடிக்க ஒன்று கேட்டால் கூடவே ஒரு தட்டு வரும், காசு கேட்க மாட்டார்கள். செவீயாவில் அந்த வழக்கம் இல்லை. சில கடைகளில் நாலு ஆலிவ் காய் வைப்பார்கள். தாப்பா வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், காசு கொடுக்க வேண்டும். நான் இருந்தபோது ஒன்று இரண்டரை, மூன்று யூரோ. பலகையில் ஒரே பண்டத்துக்கு மூன்று விலை போட்டிருப்பார்கள்: தாப்பா, மேதியா, ரசியோன். சின்னது, பாதித் தட்டு, முழுத்தட்டு. தெரியாமல் ரசியோன் சொல்லிவிட்டால் அதிலேயே வயிறு நிறைந்துவிடும், மதியமும் அங்கேயே முடிந்துவிடும்.

12 மணிக்குப் போனால் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். அடுப்பு சூடாவது ஒன்று, ஒன்றேகாலுக்கு. கடை நிறைவது இரண்டு மணிக்கு. நாலு மணிக்குப் பல கடைகளில் சமையலறையை மூடிவிடுவார்கள், மறுபடி திறப்பது ராத்திரி எட்டு, எட்டரைக்கு.

முக்கியமானது அந்த "ஒரு நல்ல கடை". அப்படித் தேடினால் எல்லாமே சுமாராக இருக்கும் ஒரு கடைதான் கிடைக்கும். அந்த ஊரில் ஒரு கடை கீரைக்குப் பேர்போனது, இன்னொன்று வறுத்த மீனுக்கு, இன்னொன்று பன்றித் தொடைக்கு, இன்னொன்று பீரைச் சரியான குளிரில் ஊற்றித் தருவதற்கு. ஒரு கடையில் ஒரு கிளாஸ், ஒரு தட்டு, நின்றபடியே. முடிந்ததும் அடுத்த கடை. இதற்கென்றே அவர்களிடம் ஒரு வினைச்சொல் இருக்கிறது, தாப்பேயார். அதில் சாப்பிடுவதும் அடக்கம், நடப்பதும் அடக்கம். உட்காரவே உட்காராதீர்கள்.

3 மார்ச், இரவு 11.40

தூக்கம் வரவில்லை. அந்த ஊர் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மதியம் எப்படிப் போகும் என்று சொல்லிவிட்டே படுக்கிறேன்.

ஒன்றேகாலுக்கு சால்வதோர் சதுக்கம். ஒரு பக்கம் இளஞ்சிவப்பு முகப்போடு பெரிய தேவாலயம். ஒரு காலத்தில் ஊரின் பெரிய மசூதி இருந்த இடம் அது. எதிர்ப்பக்கம் தூண் வைத்த தாழ்வாரத்தில் பெட்டிக்கடை அகலத்தில் இரண்டு மூன்று பீர்க்கடை. உள்ளே நிற்க இடமிருக்காது. கிளாஸை வாங்கிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். உயரமான சின்ன மேஜை கிடைத்தால் அதில் கிளாஸை வைக்கலாம், இல்லாவிட்டால் தேவாலயப் படி. தள்ளுவண்டிக் குழந்தை, கோட்டு போட்ட தாத்தா, கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் ஒரே கூட்டத்தில். இங்கே ஒரு பீர், ஆலிவ் காய், அவ்வளவுதான்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் கார்சியா தெ வினுயெசா தெரு. காஸா மொராலெஸ், 1850-லிருந்து இருக்கிற கடை. பின்கட்டில் ஆள் உயரத்தைத் தாண்டிய தாழிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும், ஒரு காலத்தில் ஒயின் நிரப்பி வைத்தவை. அந்தத் தாழிக்குப் பக்கத்தில் நின்று ஒரு மன்சனீயா, ஒரு தட்டு ஆட்டுப்பால் சீஸ்.

பிறகு கதீட்ரலைச் சுற்றிக்கொண்டு சாந்தா க்ரூஸ் பகுதி. போதேகா சாந்தா க்ரூஸ் என்று பலகை இருக்கும், ஊரில் கேட்டால் லாஸ் கொலும்னாஸ் என்பார்கள், வாசலில் தூண் இருப்பதால். இங்கே பிரிங்கா வைத்த மொன்தாதீத்தோ. கொண்டைக்கடலையோடு மாடு, பன்றி, சோரிஸோ, ரத்தத் தொத்திறைச்சி எல்லாம் மணிக்கணக்கில் வெந்த குழம்பிலிருந்து இறைச்சியை மட்டும் எடுத்து, முள்கரண்டியால் நசுக்கி, உள்ளங்கை அகல ரொட்டிக்குள் வைத்து, சுடுகல்லில் அழுத்திச் சுட்டுத் தருவார்கள். கொழுப்பு ரொட்டியின் ஓரத்தில் கசிய ஆரம்பிக்கும்போது கடிக்க வேண்டும். ஆறினால் அது வேறு பண்டம்.

கடைசியாக மதேயோஸ் காகோ தெருவில் ஆல்வரோ பெரெஹில். அந்த ஊர்த் தெருவோர மரத்தில் தொங்குவது கசப்பு ஆரஞ்சு, பறித்துத் தின்ன முடியாது. ஆரஞ்சுத் தோலை ஊறவைத்த இனிப்பு ஒயின் இங்கே சின்னக் கிளாஸில் கிடைக்கும். அத்தோடு வீட்டுக்கு, தூக்கத்துக்கு.

4 மார்ச், காலை 7.15

2 மணிக்குச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கிவிடுமே என்று ஒருத்தர் தனிமடலில் கேட்டிருக்கிறார். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், வெயிலைப் பாருங்கள்.

செவீயா லண்டனுக்கு மேற்கே இருக்கிறது, ஆனால் அதன் கடிகாரம் ஓடுவது பெர்லின் நேரத்தில். 1940 மார்ச்சில் சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அப்படியே நின்றுவிட்டது. பக்கத்திலிருக்கும் போர்ச்சுகல் இன்றைக்கும் ஒரு மணி நேரம் பின்னால். அதன்மேல் கோடை நேரம் இன்னொரு மணி. மே மாதம் செவீயாவில் உச்சி வெயில் சுமார் 2.20-க்கு. ஆக இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவர்கள் உச்சிப் பொழுதுக்குத்தான் சாப்பிடுகிறார்கள். 12 மணி என்பது அங்கே வெயிலுக்குக் காலை 9.40. அந்த நேரத்தில் போய் ஏன் கடை திறக்கவில்லை என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை.

சர்க்கரை இருப்பவர்கள் 11 மணிக்கு ஒரு தோஸ்தாதா சாப்பிட்டுவிடுங்கள். சுட்ட ரொட்டி, மேலே துருவிய தக்காளி, ஆலிவ் எண்ணெய். ஊர்க்காரர்களும் அப்படித்தான் தாக்குப்பிடிக்கிறார்கள்.

4 மார்ச், மாலை 6.30

பீரைப் பற்றி. கேட்க வேண்டிய சொல் கான்யா. சுமார் 200 மில்லி, சின்னக் கிளாஸ். இதென்ன இத்தனூண்டு என்று நம்மவர்கள் பெரியதாகக் கேட்பார்கள். வேண்டாம். 38 டிகிரி வெயிலில் பெரிய கிளாஸின் பாதி, வாய்க்குப் போகும் முன்னால் கொதித்துவிடும். சின்னக் கிளாஸ் நாலு மிடறில் தீரும், கடைசி மிடறும் சில்லென்று இருக்கும். ஊரில் பெரும்பாலும் குரூஸ்காம்போதான், 1904-ல் அங்கேயே தொடங்கியது. வேறு ஊர்க்காரர்கள் அதைத் தண்ணீர் என்று கிண்டல் செய்வார்கள். அந்த வெயிலில், அந்தக் குளிரில், நின்றபடி குடித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

சங்கிரியா ஊர்க்காரர் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் குடிப்பது தீன்தோ தெ வெரானோ, "கோடைச் சிவப்பு". சிவப்பு ஒயினில் ஐஸ் போட்டு எலுமிச்சை சோடா. போதை குறைவு, தாகம் தீரும்.

6 மார்ச், இரவு 9.00

மன்சனீயா என்று மேலே சும்மா எழுதிவிட்டேன். அந்தச் சொல் மூன்று பொருளுக்குச் சொந்தம், எச்சரிக்கையாக இருங்கள். சாமந்தி இனத்துப் பூவில் போடும் தேநீர் ஒன்று, வயிறு சரியில்லாதபோது குடிப்பது. செவீயாவின் சின்ன ஆலிவ் காய் ஒன்று. ஒயின் ஒன்று. வந்த புதிதில் ஒரு காப்பிக் கடையில் மன்சனீயா என்றேன், கோப்பையில் ஆவி பறக்க ஒரு பை மிதந்து வந்தது. அந்தக் கடையின் தப்பில்லை. காலை 11 மணிக்கு அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். இரண்டு மணிக்கு, பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று சொன்னால் ஒயின் வரும்.

வெளிர் வைக்கோல் நிறம். இனிப்பே கிடையாது. சான்லூக்கர் தெ பர்ரமேதாவில் மட்டும் முதிர வைப்பது, குவாதல்கிவிர் ஆறு கடலில் சேரும் ஊர். பீப்பாயை முழுக்க நிரப்பாமல் விடுவார்கள். ஒயினின் மேல் நொதி படர்ந்து, காய்ச்சி ஆறவைத்த பாலில் ஏடு கட்டுவதுபோல ஓர் ஆடை கட்டும். அதற்கு ஃப்ளோர் என்று பேர், பூ என்று பொருள். அந்த ஆடை காற்றை உள்ளே விடாது, அதனால்தான் நிறம் கறுக்காமல் இருக்கிறது. நாக்கில் உப்புக்காற்று மாதிரி ஒரு சுவை. 15 சதவீதம் இருக்கும். பீர் என்று நினைத்து மடமடவென்று குடித்தால் காலை வாரிவிடும்.

ஹெரேஸ் ஊரில் இதே முறையில் செய்வது ஃபினோ. ஆடை இல்லாமல், காற்றுப் பட முதிர்ந்தது ஒலோரோசோ, தேக்கு நிறம். மதிய வெயிலில் நான் அதைத் தொட்டதில்லை.

9 மார்ச், காலை 10.50

உட்காரவே உட்காராதீர்கள் என்று எழுதியிருந்தேன். இரண்டு நாளாக அது உறுத்துகிறது. மாமியார் வருகிறார் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறீர்கள், நான் என் கால்களை வைத்துப் பேசிவிட்டேன்.

அம்மா 2016 ஏப்ரலில் வந்தாள். முட்டி வலி. முதல் நாள் மதியம் மூன்று கடைக்கு இழுத்துப் போனேன். ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரி தைலம் தேய்க்கும்போதுதான் பார்த்தேன், கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரே கடைக்குத்தான் போனேன். எல் ரின்கோன்சீயோ, சாந்தா கத்தலீனா தேவாலயத்துக்குப் பக்கத்தில். 1670-லிருந்து இருக்கிற கடை. கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டோம், கூட்டம் சேரவில்லை. பரிமாறும் மேடைக்குப் பின்னால் நின்றவரிடம் அம்மாவைக் காட்டி, என் அரைகுறை ஸ்பானிஷில் முட்டியைத் தட்டிக் காட்டினேன். உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

கீரை கேட்டேன். எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ், பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும். சின்ன மண்சட்டியில் வந்தது, ஓரத்தில் எண்ணெய் மின்ன, மேலே வறுத்த ரொட்டித் துண்டு. அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பூண்டை எண்ணெயில வறுத்து அரைச்சிருக்கான். சீரகம் இருக்கு. கெட்டியா இருக்கிறதுக்கு ஏதோ வறுத்து அரைச்சுச் சேர்த்திருக்கான், தேங்கா இல்ல. புளிப்பு எதுல இருந்து வருது?" என்றாள். கெட்டிக்கு அரைப்பது அந்த வறுத்த ரொட்டியைத்தான். புளிப்பு வினிகர். சிவப்பு பிமெந்தோன், நம் மிளகாய்ப்பொடியின் காரமில்லாத சொந்தக்காரன்.

"இது கூட்டுதான்டீ. சோறு இருந்தா போதும்." அவள் அங்கே இருந்த மூன்று வாரத்தில் நான்கு முறை அந்தக் கீரையைப் பொட்டலம் கட்டி வாங்கிவந்து வீட்டில் சோறு வடித்துப் பிசைந்து சாப்பிட்டோம்.

மிளகாய் என்றதும் ஒன்று. கடலுக்கு அப்பாலிருந்து மிளகாய், தக்காளி, உருளை எல்லாம் ஐரோப்பாவுக்கு வந்த வழியில் செவீயாதான் வாசல். 1503-லிருந்து இருநூறு வருஷத்துக்கு மேல் அமெரிக்க வணிகத்தின் அலுவலகம் அந்த ஊரில் இருந்தது. நமக்கு மிளகாய் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர், ஆனாலும் கப்பல் வழி ஒன்றோடொன்று பின்னியதுதான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ அதுக்கு முன்னாடி நம்ம வீட்ல மிளகுதானே" என்றாள், தெரிந்த விஷயத்தைத் திருப்பிச் சொல்வதுபோல.

ஆகவே திருத்தம்: நீங்களும் மனைவியும் நில்லுங்கள். மாமியாருக்கு ஸ்டூல் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

9 மார்ச், காலை 11.20

சைவம் பற்றி விட்டுப்போனது. கீரையில் சில கடைகளில் இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். சால்மோரெஹோ, கெட்டித் தக்காளிச் சாறு, மேலே முட்டையும் பன்றித் துருவலும் தூவி வரும். "சின் ஹமோன்" என்றால் பன்றி இல்லாமல் தருவார்கள். வெறும் "கார்னே இல்லாமல்" என்று கேட்காதீர்கள். பலருக்கு கார்னே என்றால் இறைச்சித் துண்டு, ஹமோன் அந்தக் கணக்கில் வராது. உருளைக்கிழங்கு முட்டை அடை (தோர்தீயா) பயமில்லாமல் சாப்பிடலாம். கத்தரிக்காயை வறுத்துக் கரும்புப் பாகு ஊற்றுவது சில கடைகளில் உண்டு, கண்டால் விடாதீர்கள். பாப்பாஸ் அலினியாஸ் உருளை சாலட்தான், ஆனால் பல இடங்களில் சூரை மீன் போடுவார்கள்.

மனைவிக்கு மோஸ்தோ கேளுங்கள். திராட்சைச் சாறு, போதை கிடையாது.

10 மார்ச், மதியம் 1.10

மோஸ்தோ விஷயத்தில் அவசரத் திருத்தம். ஊருக்குள் கடையில் பாட்டிலில் வருவது சாறுதான், குடிக்கலாம். ஆனால் செவீயாவுக்கு மேற்கே அல்ஹராஃபே மேட்டு கிராமங்களில், உம்ப்ரேதே மாதிரி ஊர்களில், இலையுதிர்காலக் கடைசியில் "இங்கே மோஸ்தோ உண்டு" என்று பலகை வைப்பார்களே, அது புளித்த புது ஒயின். ஒரு டிசம்பரில் நானே சாறு என்று நம்பி, குடிக்காத தோழிக்கு வாங்கிக் கொடுத்து, அவள் முதல் வாயிலேயே கண்டுபிடித்தாள். மே மாதம் உங்களுக்கு அந்தச் சிக்கல் வராது. இருந்தாலும் "சின் அல்கோல்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

17 மார்ச், இரவு 8.45

தாப்பா என்றால் என்ன பொருள் என்று கேட்டவருக்கு: மூடி. நம் தாப்பாளும் மூடுவதற்குத்தான், ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது, காதுக்கு மட்டும்தான் சொந்தம்.

ஈ விழாமல், தூசி விழாமல் கிளாஸை ஒரு துண்டு ரொட்டியால், பன்றித் துண்டால் மூடிக் கொடுத்ததிலிருந்து வந்தது என்பார்கள். அதன்மேல் ராஜா கதைகள். 13-ம் நூற்றாண்டின் பத்தாம் அல்ஃபோன்சோ, வெறும் வயிற்றில் யாருக்கும் ஒயின் ஊற்றக் கூடாது என்று ஆணையிட்டார் என்று ஒன்று. பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ காதிஸ் கடற்கரைச் சத்திரத்தில் நின்றபோது மணல் விழாமலிருக்கக் கிளாஸின் மேல் ஹமோன் வைத்துக் கொடுத்தார்கள் என்று இன்னொன்று. இரண்டும் செவிவழிக் கதை, கல்வெட்டு இல்லை. ராஜா இல்லாமலே எனக்கு இது புரிகிறது. வெயில் ஊர், வலுவான ஒயின், நின்று குடிக்கிற கூட்டம். கூடவே ஒரு வாய் உப்பு கொடுக்காவிட்டால் கடைக்காரருக்குத்தான் தலைவலி.

23 மார்ச், மாலை 5.15

ஒரு கோபம் பாக்கி இருக்கிறது. கதீட்ரலைப் பார்த்த மாதிரி வெளியே மேஜை போட்ட கடை ஒன்று, பேர் வேண்டாம். ஊரிலிருந்து வந்த சிநேகிதர்கள் நான் வருவதற்குள் அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். பளபளவென்று படம் போட்ட பலகை, விலை எழுதாத "இன்றைய மீன்", கேட்காமலே வைத்த ரொட்டிக் கூடை. ஜாடி சங்கிரியா. நாலு பேருக்கு 112 யூரோ, பசியும் தீரவில்லை. ரொட்டிக்கு ஆளுக்கு இரண்டு யூரோ போட்டிருந்தார்கள். பணம்கூடப் பரவாயில்லை. செவீயா சாப்பாடு ஒன்றும் பிரமாதமில்லை என்று அவர்கள் ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொன்னார்கள். அது இன்றைக்கும் ஆறவில்லை.

உட்கார வேண்டியிருந்தால் விலை எழுதிய பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். பல கடைகளில் மேடையில் நின்றால் ஒரு விலை, வெளி மேஜையில் வேறு விலை, அது ஏமாற்று அல்ல, பலகையில் போட்டிருப்பார்கள். மேஜையில் சின்னத் தாப்பாவே தராத கடைகளும் உண்டு.

2 ஏப்ரல், காலை 6.50

சாந்தா க்ரூஸ் சந்துகளைப் பற்றி முதல் நாள் ஓட்டமாக எழுதிவிட்டேன். அந்தச் சந்துகளில் கிளாஸோடு நிற்கும்போது தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அது ஒரு காலத்தில் யூதர் குடியிருப்பு. 1391 ஜூனில் ஊர்க் கும்பல் உள்ளே புகுந்து வெட்டியது. பிழைத்தவர்களில் பலர் மதம் மாறினார்கள். இன்றைய சாந்தா மரியா லா ப்ளாங்கா தேவாலயம் அதற்கு முன் ஜெப ஆலயம். சுமார் தொண்ணூறு வருஷம் கழித்து, மதம் மாறியவர்கள் ரகசியமாகப் பழைய மதத்தைக் கடைப்பிடிக்கிறார்களா என்று தேடித் தண்டித்த விசாரணை மன்றம் வந்தபோது முதலில் வேலையைத் தொடங்கியதும் இந்த ஊரில்தான். சீக்கிரமே ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்ரியானாக் கோட்டைக்கு மாறியது. இப்போது அந்த இடிபாட்டின் மேல் காய்கறிச் சந்தை இருக்கிறது. மதம் மாறியவர் வீட்டில் பன்றி சமைக்கிறார்களா என்பதும் அன்றைக்கு ஒரு சாட்சி.

பிரிங்கா வருகிற அந்தக் கொண்டைக்கடலைக் குழம்பே யூதர்கள் சனிக்கிழமைக்காக முந்தின நாளே அடுப்பில் ஏற்றிவைத்த குழம்பின் வழிவந்தது, பன்றி பிறகு சேர்ந்தது என்று உணவு வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. இதைக் கேள்விப்பட்ட பிறகும் நான் பிரிங்கா சாப்பிட்டேன். ஆனால் அந்தச் சந்தில் சத்தமாகச் சிரிக்கும்போது ஒரு கணம் குரல் தணியும்.

14 ஏப்ரல், இரவு 10.30

சாக்பீஸ் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. ரின்கோன்சீயோவில் பில் காகிதத்தில் வராது. மேடைக்குப் பின்னால் நிற்பவர் நீங்கள் கேட்டதைக் கொடுத்த கையோடு, உங்கள் முழங்கைக்குப் பக்கத்திலேயே மரத்தில் சாக்பீஸால் எழுதுவார். ஒன்றின் கீழ் ஒன்றாக, தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி. 1,30. 2,80. 2,50. பக்கத்து ஆளின் கணக்கு ஒரு சாண் தள்ளி. நூற்றுக்கணக்கான முறை எழுதி ஈரத்துணியால் துடைத்த மரம், கறுத்து வழவழவென்று இருக்கும், அதில் வெள்ளை எழுத்து பளிச்சென்று விழும்.

ஒருநாள் என் சட்டைக் கை பட்டு நடு வரி அழிந்துவிட்டது. நான் சொல்ல வாயெடுக்கும் முன், மூன்று ஆள் தள்ளி யாருக்கோ ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பி வந்து, அழிந்த இடத்தில் அதே எண்ணை எழுதிவிட்டுப் போனார். என்ன சாப்பிட்டேன் என்று கேட்கவே இல்லை. கடைசியில் கூட்டல் போட்டு, கோடு கிழித்து, காசு வாங்கி, துணியால் ஒரே இழுப்பு. நான் அங்கே நின்றதற்கு அடையாளமே இல்லை.

லாஸ் கொலும்னாஸிலும் மேடையிலேயே எழுதுவார்கள். மாமியாரின் ஸ்டூலை எழுத்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

5 மே, காலை 8.00

அடுத்த வாரம் கிளம்புகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மே மாதம் கடை வாசலில் "ஐ கராகோலெஸ்" என்று எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். நத்தை வந்துவிட்டது என்று அர்த்தம். சின்ன நத்தை, கிண்ணத்தில், பெருஞ்சீரகமும் மிளகாயும் போட்ட சாற்றோடு. ஊரே இந்த இரண்டு மாதத்துக்குக் காத்திருக்கும். பிடிக்காவிட்டால் நத்தையை விட்டுவிடுங்கள், சாற்றை மட்டும் குடித்துப் பாருங்கள், ரசம் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது.

இரண்டு மதியத்தில் ஒன்று ஞாயிறாக விழுந்தால் சால்வதோருக்குத்தான் போக வேண்டும். எங்கள் கீழ்வீட்டில் ஒரு அம்மா இருந்தார், எண்பது தாண்டியவர். ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயத்திலிருந்து நேராக எதிர்த் தாழ்வாரம். நல்ல பட்டுத் துண்டு, முத்துத் தோடு. ஒரு கான்யா, ஒரு தட்டு வறுத்த பாதாம். உட்காரச் சொன்னால் கோபம் வரும். கைத்தடியைத் தூணில் சாய்த்துவிட்டு, தூணிலேயே தானும் சாய்ந்துகொள்வார். கால் மணி நேரம் நிற்பார், அதற்குள் பத்துப் பேர் வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். என்னைப் பார்த்தால் பாதாம் தட்டை என் பக்கம் தள்ளுவார். "இங்கே அதிகம் சாப்பிடாதே, இன்னும் மூன்று கடை இருக்கிறது" என்பதும் அவர்தான்.

அந்த அம்மா இப்போது இல்லை. தேவாலயத்தைப் பார்த்து நின்றால் உங்களுக்குப் பின்னால் இருக்கும் தாழ்வாரத் தூண்களில் ஒன்று அவருடையது. மாமியாருக்கு ஸ்டூல் கிடைக்காவிட்டால் அங்கே சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள். வந்ததும் எழுதுங்கள், கீரை எந்தக் கடையில் சாப்பிட்டார் என்பதை மறக்காமல்.